ஒரே நள்ளிரவுக்கு நான்கு வடிவங்கள்: தரவுப் பரிமாற்றத்தில் எதை நம்பலாம்?

2024 ஏப்ரல் 5 பிறந்த அந்த நள்ளிரவு, ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தரவை மாற்றும்போது நான்கு வேடங்களில் வந்து நிற்கும். பழைய கணக்கு மென்பொருள் எழுதித் தரும், மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பில் அது 05/04/2024. எக்செல் கட்டத்துக்குள் அது 45387. இணையச் சேவைகள் பலவற்றில் 1712255400. தேதியையும் நேரத்தையும் எழுதுவதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601-ஐ ஒட்டி எழுதினால் 2024-04-05 00:00:00+05:30. அத்தரத்தின்படி நடுவிலுள்ள இடைவெளியில் ஆங்கில ‘டி’ எழுத்து நிற்க வேண்டும். எழுதிய இடத்தில் நான்கும் சரிதான், சிக்கல் வாசிக்கும் இடத்தில் தொடங்குகிறது. ஆகவே ஒவ்வொரு வடிவமும் தவறாக வாசிக்கப்படும்போது என்ன ஆகிறது, அந்தத் தவறு உடனே கண்ணில் படுகிறதா என்பதை வைத்தே இவற்றை எடைபோடுகிறேன்.

இந்த அளவுகோலில் முதலில் தோற்பது சாய்கோடு போட்ட தேதிதான். 05/04/2024 என்பது இந்தியாவிலும் பிரிட்டனிலும் ஏப்ரல் 5, அமெரிக்காவில் மே 4. மாதத்தின் முதல் 12 நாள்களை எந்த வரிசையில் படித்தாலும் செல்லுபடியாகும் தேதி கிடைத்துவிடும். ஆண்டுக்கு அப்படி 144 நாள்கள் உண்டு. நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருக்கும் 12 நாள்களைக் கழித்தால், 132 நாள்கள் சத்தமில்லாமல் வேறு தேதியாக மாறிவிடும். அமெரிக்க அமைப்பிலுள்ள கணினியில் இந்திய சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் திறந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் வலப்பக்கம் ஒட்டியும் சில இடப்பக்கம் ஒட்டியும் நிற்கும். இடப்பக்கம் நிற்பவை 12-ஆம் தேதிக்கு மேற்பட்டவை. அவற்றைத் தேதியாகப் படிக்க முடியாததால் எக்செல் வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. வலப்பக்கம் ஒழுங்காக நிற்பவைதான் நாளும் மாதமும் இடம் மாறியவை. பலரும் இடப்பக்கத்து வரிகளை மட்டும் திருத்திவிட்டு வேலை முடிந்தது என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். உண்மையில் அந்தக் கோப்பில் எக்செல் கைவைக்காத வரிகள் அவை மட்டுமே.

வடிவத்தை நாமே குறிப்பிட்டு இறக்குமதி செய்வது இதற்குத் தீர்வு. அங்கும் கவனம் தேவை. ஜாவா மொழியின் தேதி வடிவக் குறிகளில் பெரிய ‘எம்’ மாதம், சிறிய ‘எம்’ நிமிடம். சிறிய ‘ஒய்’ வழக்கமான ஆண்டு, பெரிய ‘ஒய்’ வாரக் கணக்குக்குரிய ஆண்டு, அதாவது அந்த நாள் இருக்கும் வாரம் எந்த ஆண்டோடு சேர்கிறதோ அந்த ஆண்டு. பெரிய ‘ஒய்’ எழுதிவிட்டால், ஆண்டு முழுதும் சரியாக ஓடும் நிரல் 2019 டிசம்பர் 30-ஐ 2020 டிசம்பர் 30 என்று எழுதும். மார்ச்சிலோ ஜூனிலோ செய்யும் சோதனையில் இது வெளிப்படவே செய்யாது.

1900 தொடக்கத்திலிருந்து நாள்களை எண்ணும் எக்செல்லின் வரிசை எண்ணைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருளோடு ஒத்துப்போவதற்காக எக்செல் 1900-ஐ லீப் ஆண்டாகவே கணக்கிடுகிறது; வராத 1900 பிப்ரவரி 29-க்கும் அதில் 60 என்ற எண் உண்டு. பழைய மேக் கோப்புகள் 1904-ஐத் தொடக்கமாகக் கொள்வதால் இரண்டுக்கும் இடையே 1,462 நாள் வித்தியாசம் விழும். நம் 45387 அங்கே 2028 ஏப்ரல் 6 ஆகிவிடும். தேதி அல்லாதவற்றையும் தேதியாக மாற்றும் பழக்கம் எக்செல்லுக்கு இருப்பதால், 2020-இல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு ‘மார்ச்1’, ‘செப்ட்1’ வகைப் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. எக்செல்லைப் பார்வையிடப் பயன்படுத்தலாம்; இரண்டு அமைப்புகளுக்கு நடுவே பாலமாக வைக்கக் கூடாது.

உண்மையான போட்டி யூனிக்ஸ் எண்ணுக்கும் ஐஎஸ்ஓ வடிவத்துக்கும் இடையில்தான். 1970 ஜனவரி 1 யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவிலிருந்து கடந்த விநாடிகளின் எண்ணிக்கையே யூனிக்ஸ் எண் என்பதால், நாள்-மாத வரிசைக் குழப்பத்துக்கு அதில் இடமே இல்லை. கழித்தால் இடைவெளி, ஒப்பிட்டால் முன்பின். விநாடியை மில்லிவிநாடியாகப் படித்தால் 1712255400 என்பது 1970 ஜனவரிக்குள் போய் விழும். மாற்றிப் படித்தால் ஆண்டு 56,000-ஐத் தாண்டும். இரண்டும் பார்த்த உடனே தெரிந்துவிடும் தவறுகள் என்பதால் இதை நான் நல்ல குணமாகவே கருதுகிறேன். 32 பிட் அமைப்புகளில் இந்த எண் 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07-ஓடு நிரம்பிவிடும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் ‘டைம்ஸ்டாம்ப்’ வகைக்கும் அதே எல்லை உண்டு. 20 ஆண்டு வீட்டுக் கடனின் கடைசித் தவணையை அதில் வைக்க நினைப்பவர்கள் இதை இன்றே கவனிக்க வேண்டும்.

ஐஎஸ்ஓ வடிவத்தின் பலம், மனிதக் கண்ணுக்கும் நிரலுக்கும் ஒரே பொருளைத் தருவது. பிழை தேடும் இரவில் பதிவுக் கோப்பைப் புரட்டியவருக்கு இதன் அருமை தெரியும். ஆனால் 1988-இல் வெளியான அந்தத் தரம் பல வடிவங்களை அனுமதிக்கிறது; அதே நாளை 20240405 என்றும், ஆண்டின் 96-ஆம் நாளாக 2024-096 என்றும் எழுதலாம். ஆகவே இரு தரப்பும் “ஐஎஸ்ஓ” என்று பேசி முடித்துக்கொண்டால் போதாது. 2002-இல் வந்த, இன்னும் இறுக்கமான இணையத் தரமான ஆர்எஃப்சி 3339-ஐப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்வது நல்லது. அதில் யுடிசியிலிருந்து +05:30 போன்ற வித்தியாசம் கட்டாயம். அது விடுபட்டால் வாசிக்கும் மென்பொருள் தானாக ஒன்றை ஊகித்துக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட் 2024-04-05 என்ற வெறும் தேதியை யுடிசி நேரமாகக் கொள்ளும். நேரம் சேர்த்து எழுதி வித்தியாசத்தை விட்டால் உள்ளூர் நேரமாகக் கொள்ளும். நியூயார்க்கில் முன்னதைத் திறப்பவருக்கு ஏப்ரல் 4 என்று தெரியும்.

+05:30 என்பதும் ஓர் இடத்தின் நேர மண்டலத்தை முழுமையாகச் சொல்லிவிடாது. இலங்கையின் நேரம் இன்று நம்முடையதுதான். ஆனால் 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரை அது வேறாக இருந்தது. கொழும்பின் பழைய பதிவுகளுக்கு ஐந்தரை மணி என்று கண்ணை மூடிக்கொண்டு கணக்கிட்டால் அந்தப் பத்தாண்டுகளும் பிசகும். வருங்காலச் சந்திப்புகளுக்கு உள்ளூர் நேரத்தோடு ‘ஏசியா/கொழும்பு’ என்ற மண்டலப் பெயரையும் அனுப்புவதே பாதுகாப்பு.

இத்தனைக்கும் பிறகு, இரண்டுமே தோற்ற ஓர் இடத்தைச் சொல்லியாக வேண்டும். ஓர் அலுவலகத்தின் பணியாளர் பதிவேட்டைப் புதிய மென்பொருளுக்கு மாற்றியபோது, பிறந்த தேதிகளையும் நாங்கள் நள்ளிரவு நேரத்தோடு யுடிசிக்கு மாற்றி அனுப்பினோம். இந்திய நள்ளிரவு யுடிசியில் முந்தைய நாள் மாலை 6:30. பெற்ற மென்பொருள் நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் வைத்துக்கொண்டது. எல்லோருக்கும் ஒரு நாள் வயது கூடியது. எல்லாமே நம்பத்தக்க தேதிகளாக இருந்ததால் எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. மத்திய அரசின் அடிப்படை விதி 56-இன்படி, மாதத்தின் முதல் நாளில் பிறந்தவர் முந்தைய மாதக் கடைசி நாளிலேயே ஓய்வு பெறுகிறார். ஜூன் 2-இல் பிறந்த ஒருவர் ஜூன் 1 என்று மாறியதால், ஜூன் 30-க்குப் பதில் மே 31 என்று ஓய்வு நாள் வந்து நின்றபோதுதான் பிழை பிடிபட்டது. ஒரு மனிதரின் ஒரு மாதச் சம்பளம் அந்த ஐந்தரை மணி நேரத்துக்குள் இருந்தது.

பிறந்த நாள், விலைப்பட்டியல் தேதி, தவணை நாள் ஆகியவை காலண்டரின் நாள்கள், கடிகாரத்தின் கணங்கள் அல்ல. அவற்றை ஆண்டு-மாதம்-நாள் என்ற வெறும் தேதியாக, தேதி மட்டுமே ஏற்கும் வகையில் எழுதி, எழுதியபடியே வாசிக்க வேண்டும். பணம் செலுத்திய கணம், உள்நுழைந்த கணம் போன்றவற்றுக்கு வித்தியாசத்தோடு கூடிய ஆர்எஃப்சி 3339 வடிவத்தைத் தேர்வேன். அளவும் வேகமும் முக்கியமான இடத்தில் மட்டும் யூனிக்ஸ் எண், அதுவும் விநாடியா மில்லிவிநாடியா என்பதைப் புலத்தின் பெயரிலேயே சொல்லிவிட்டு. அந்தப் பதிவேட்டுக்குப் பிறகு, எந்த மாற்றத்துக்கு முன்னும் ஐந்து வரிகளை முன்னோட்டமாக அனுப்பிப் பார்க்கிறேன்: ஏப்ரல் 5, ஏப்ரல் 13, பிப்ரவரி 29, டிசம்பர் 30, ஜூன் 2-இல் பிறந்த ஒருவர்.