சேர்னின் திறந்த தரவுத்தளம்: பௌதிகவியல் படிப்பிப்பவர்கள் கட்டாயம் பாருங்கள்

மல்லாவியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். மற்றத் துணிக்கைகளுக்குத் திணிவு கிடைப்பதோடு தொடர்புடைய ஹிக்ஸ் போசன் என்ற துணிக்கை பற்றிப் பாடநூலுக்கு வெளியே சொல்ல வேண்டுமென்றால், 1964இல் எதிர்வுகூறினார்கள், 2012 யூலை 4இல் கண்டோம் என்று அறிவித்தார்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஐரோப்பியத் துணிக்கை ஆய்வுகூடமான சேர்னின் இந்தத் தளத்தில், துணிக்கைகளை வேகமாக மோதவிடும் அதன் மோதுவியில் பதிவான உண்மைத் தரவையே காசில்லாமல் எடுக்கலாம். கணக்குத் திறக்கவும் தேவையில்லை.

முழுத் தரவுக்குப் போகாதீர்கள், எங்கள் பக்கத்து இணையத்துக்குச் சரிவராது. மோதுவியில் உள்ள சீஎம்எஸ் என்ற உணர்கருவி 2011, 2012இல் பதிந்த மோதல்களில், நான்கு லெப்டன்கள் (இலத்திரன், மியூவன் போன்ற துணிக்கைகள்) வெளிவந்தவற்றை மட்டும் பொறுக்கிச் சிறிய அட்டவணைகளாகப் போட்டிருக்கிறார்கள். போனிலேயே இறங்கிவிடும், எக்செல்லில் திறக்கும். ஒரு வரி என்றால் ஒரு மோதல். நான்கு துணிக்கைகளின் சக்தியும் உந்தமும் இருக்கும், அவற்றிலிருந்து கணித்த திணிவும் இருக்கும்.

அந்தத் திணிவுகளைப் பிள்ளைகள் வரைபுத்தாளில் கையாலேயே குறித்தார்கள். 91 கிகா இலத்திரன்வோல்ற்றுக்கு (துணிக்கைகளின் திணிவைச் சொல்லும் அலகு) கிட்ட ஒரு உச்சி, அது ஏற்கெனவே தெரிந்த இசட் போசன் என்ற துணிக்கை. பிறகு தாழ்ந்துபோய் 125இல் சின்னதாய் ஒரு மேடு, அதுதான் ஹிக்ஸ்.

"இவ்வளவுதானா சேர்?" என்றாள் ஒருத்தி.

இந்தக் கேள்வி வருவதற்காகவே இதைச் செய்ய வேண்டும் என்பேன். ஹிக்ஸ் நான்கு லெப்டன்களாகச் சிதைவது மிக அரிது. ஹிக்ஸ் இல்லாமலும் அதே நான்கு துணிக்கைகள் வரலாம். அதனால்தான் வேறு சிதைவுகளையும் சேர்த்துப் பார்த்து, தற்செயலாக இப்படி வர ஏறக்குறைய 35 இலட்சத்தில் ஒரு வாய்ப்புத்தான் என்ற நிலைக்கு வந்த பிறகே சேர்னின் அட்லஸ், சீஎம்எஸ் உணர்கருவிகளின் ஆய்வுக் குழுக்கள் இரண்டும் வாய் திறந்தன. நிகழ்தகவு எதற்குப் படிக்கிறோம் என்று அன்றைக்கு வகுப்புக்கே விளங்கியது.

மோதலை முப்பரிமாணப் படமாகச் சுழற்றிப் பார்க்கும் பகுதியும் உண்டு. பழைய மடிகணினியில் கொஞ்சம் இழுக்கும், பொறுத்தால் பலன் இருக்கிறது. நடுவில் சிக்குப்பட்ட தடங்கள் கிடக்க, மியூவன்கள் மட்டும் 14,000 தொன் கருவியையும் ஊடறுத்து வெளியே போவது தெளிவாகத் தெரியும்.

விளக்கங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சக்திக் காப்பும் உந்தக் காப்பும் முடித்த வகுப்புக்கு ஒரு இரட்டைப் பாடவேளை போதும். பாடசாலையில் இணையம் இல்லையென்றால் வீட்டில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோங்கள்.