ஒருங்கிணைந்த உளச்சிகிச்சை: சில ஆண்டுகாலப் பயனாளியின் மதிப்பீடு

'பேனிக் அட்டாக்' எனப்படும் திடீர்ப் பதற்றத்துக்காகவும், தந்தையின் மறைவுக்குப் பின் விலகாமல் தங்கிவிட்ட மனச்சோர்வுக்காகவும் சென்னையில் ஒரு மருத்துவ உளவியலாளரிடம் சில ஆண்டுகளாகச் சிகிச்சை பெற்று வருகிறேன். அவர் ஒரே முறையைக் கடைப்பிடிப்பவர் அல்லர்; பல முறைகளை இணைத்துக் கையாளும் இதைத்தான் ஒருங்கிணைந்த உளச்சிகிச்சை என்கிறார்கள். ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சி.பி.டி., கார்ல் ரோஜர்ஸ் வகுத்த, பரிவோடு கேட்பதை முதன்மையாகக் கொண்ட நபர்மையச் சிகிச்சை, அடக்கிவைத்த உணர்வை இக்கணத்தில் நேரடியாக உணரச் செய்யும் கெஸ்டால்ட், நிகழ்கணத்தைத் தீர்ப்பிடாமல் கவனிக்கும் மைண்ட்ஃபுல்னஸ் ஆகியவற்றிலிருந்து தேவைக்கேற்ப எடுத்துக் கையாள்கிறார். ஆனால் எதை எடுத்தாலும், இப்போது இது ஏன் என்று எனக்குப் புரியும்படி சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார். இந்த அணுகுமுறையின் பலமெல்லாம் அந்த விளக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

இவரிடம் வருவதற்கு முன் நான் சென்ற ஒரு மையமும் தன்னை ஒருங்கிணைந்த மையம் என்றே சொல்லிக்கொண்டது. ஒரு வாரம் தியானம், மறுவாரம் ஓவியம், அதற்கடுத்து ஹிப்னாசிஸ் என்று போயிற்றே தவிர, போன வாரப் பயிற்சியால் என்ன ஆயிற்று என்று எவரும் கேட்கவில்லை. பந்தியில் இலை நிறையப் பரிமாறிவிட்டு, உட்கார்ந்திருப்பவருக்குச் சர்க்கரை நோய் உண்டா என்று விசாரிக்காமல் விட்டதைப் போன்ற உபசரிப்பு அது. மொத்தக் கட்டணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்வதில் மட்டும் ஒழுங்கு இருந்தது.

தற்போதைய சிகிச்சையாளர், தைராய்டு பரிசோதனையும் இ.சி.ஜி.யும் எடுத்துவரச் சொல்லி, உடற்காரணம் இல்லை என்று உறுதிசெய்த பிறகே வேலையைத் தொடங்கினார். பதற்றத்தை அளக்க ஜி.ஏ.டி.-7, மனச்சோர்வை அளக்க பி.எச்.கியூ.-9 ஆகிய வினாத்தாள்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் நிரப்பித் தருகிறேன். பின்னதில் 9 கேள்விகள், அதிகபட்சம் 27 மதிப்பெண். கூடினால் நோயின் கடுமையும் கூடியிருக்கிறது என்று பொருள்.

இதயம் படபடப்பதை மாரடைப்பு என்று மனம் தவறாகப் பொருள்கொள்வதும், அந்தப் பயம் படபடப்பை இன்னும் கூட்டுவதுமாகச் சேர்ந்த சுழலே பேனிக் அட்டாக் என்பது உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் முன்வைத்த விளக்கம். இதை உடைப்பதற்கு அந்த அறிகுறிகளை வேண்டுமென்றே வரவழைக்க வேண்டும் என்றார் சிகிச்சையாளர். சுழல் நாற்காலியில் என்னைச் சுற்றவிட்டார். மூக்கைப் பிடித்துக்கொண்டு குளிர்பானக் குழல் வழியாக மூச்சுவிடச் சொன்னார். நின்ற இடத்திலேயே ஓடச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் முன்பு 'என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்' என்றும், முடிந்தபின் 'உண்மையில் என்ன நடந்தது' என்றும் நோட்டில் எழுத வேண்டும். 'மயங்கி விழுவேன்' என்று இடப்பக்கத்திலும் 'தலை சுற்றியது, விழவில்லை' என்று வலப்பக்கத்திலும் எழுதி எழுதிப் பக்கங்கள் நிறைந்தன. அதற்குப் பிறகே கத்திப்பாரா மேம்பாலத்தில் தனியாகக் கார் ஓட்டும் பயிற்சிக்கு வந்தோம்.

இங்கேதான் ஒருங்கிணைப்பு என்பது கூட்டல் மட்டுமன்று, கழித்தலும்கூட என்று தெரிந்தது. நான் கற்றிருந்த மூச்சுப் பயிற்சியை அந்தக் கட்டத்தில் அவர் நிறுத்திவைத்தார். பாலத்தில் பயம் வந்ததும் மூச்சை எண்ணத் தொடங்கினால், தப்பித்தது அந்த எண்ணிக்கையால்தான் என்று மனம் முடிவுகட்டிவிடும் என்பது அவர் சொன்ன காரணம். பதற்றம் அடங்கிய பிறகு, மனச்சோர்வு திரும்பாமல் காப்பதற்காக மைண்ட்ஃபுல்னஸைத் தனியாகக் கற்றுத்தந்தார். நல்ல முறைகள் இரண்டும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று கெடுக்கக்கூடும் என்பதை முந்தைய மையத்தில் எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

துக்கத்துக்கு நோட்டுப்புத்தகம் உதவவில்லை. பல அமர்வுகளில் நான் பேசினேன், அவர் கேட்டார், அவ்வளவுதான். ஒருநாள் கெஸ்டால்ட் முறைப்படி எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அப்பா அதில் அமர்ந்திருப்பதாக எண்ணிப் பேசச் சொன்னார். நாடகமாக இருக்குமே என்று கூசிக்கொண்டு தொடங்கினேன். "ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு அத்தனை தடவை கூப்பிட்டேனேப்பா, ஏன் வரல?" என்று வாயில் வந்தபோதுதான், சோகம் என்று நான் நினைத்திருந்ததில் பாதி கோபம் என்று புரிந்தது.

மருந்தை மனநல மருத்துவர் தனியாகத் தருகிறார். உளவியலாளர் மாத்திரை எழுதுவதில்லை. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரையின் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் பிடித்தன. என் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு இருவரும் தமக்குள் கலந்துபேசுவதால் ஒரே கதையை இரண்டு இடங்களில் சொல்லும் அலுப்பு இல்லை.

குறைகளும் உண்டு. தனி சி.பி.டி. என்றால் பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வுகளுக்குள் திட்டமிடுவார்கள். இதில் முடிவு எப்போது என்று தொடக்கத்தில் சொல்வது கடினம். குணம் தந்தது நாற்காலியா, நோட்டா, மாத்திரையா என்று பிரித்துக் காட்டவும் இயலாது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், காப்பீட்டில் மன நோயை உடல் நோய்க்கு இணையாக நடத்தச் சொல்கிறது. ஆயினும் மருத்துவமனையில் சேராமல் பெறும் சிகிச்சை என் பாலிசியில் அடங்காது என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிட்டதால், செலவு முழுவதும் கைக்காசுதான்.

தேடுவோர், மருத்துவ உளவியலாளரிடம் இந்திய மறுவாழ்வுக் கழகமான ஆர்.சி.ஐ.யின் பதிவு எண்ணைக் கேட்டுவிட்டு, பலன் தெரியவில்லையென்றால் எப்போது, எப்படி முறையை மாற்றுவார் என்பதையும் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள், 2022 அக்டோபரில் தொடங்கிய, டெலி மானஸ் என்னும் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற எண்ணை இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். நான் இப்போது மருத்துவரின் மேற்பார்வையில் மாத்திரையின் அளவைப் படிப்படியாகக் குறைத்து வருகிறேன். உளவியலாளரைச் சந்திப்பது மாதம் ஒருமுறை என்றாகியிருக்கிறது.