டேங்கை இறக்கியதாக பில், போல்ட்டில் பழைய சேறு

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். கடைப் பெயர் போடவில்லை, கேட்காதீர்கள்.

அப்பா வாங்கிய 1996 மாருதி 800. பாதி நாள் ஷெட்டில்தான் நிற்கும். ஏறி உட்கார்ந்தாலே பெட்ரோல் வாடை, மேட்டில் ஏறினால் எஞ்சின் இருமும். பங்கில் இப்போது ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ் அதற்காகச் செய்ததில்லை, உப்பி வெடிப்பு விடும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். நின்றே கிடக்கும் வண்டிக்கு டேங்க் உள்ளே துரு பிடிக்க வாய்ப்பு அதிகம். அதனால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்த்துவிடலாம் என்று அங்கே ஒரு கடையில் கொடுத்தேன்.

கடைக்காரர் தமிழ் பேசுகிறாரே, நம்ம ஆளு என்ற நம்பிக்கை வேறு. ஐந்து நாள் கழித்து 14,600 ரூபாய் பில். டேங்க் இறக்கிக் கழுவியது, புது ஏ.சி. பம்ப், ஹோஸ் முழு செட், கார்புரேட்டர் கிட். (ஏ.சி. பம்ப் என்றால் குளிருக்கு இல்லை. பெட்ரோல் பம்பைப் பழைய மெக்கானிக்குகள் அப்படித்தான் சொல்வார்கள்.) கழற்றிய பம்ப் எங்கே என்றேன். "எடைக்குப் போட்டாச்சுங்க" என்றார்.

பத்தாம் நாள் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி வண்டி நின்றது. ஃபில்டர் நிறைய காப்பித்தூள் மாதிரி துரு.

பாலக்காடு பக்கத்துச் சித்தூரில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். வண்டிக்கடியில் சாக்கை விரித்து, "மோனே, வா, நோக்கு" என்று டார்ச் அடித்தார். டேங்க் போல்ட் மேல் காய்ந்த செம்மண் சேறு, அந்தச் சேற்றின் மேலேயே கறுப்பு பெயின்ட்! நகத்தால் சுரண்டினார், செதில் செதிலாகக் கழன்று வந்தது. ஸ்பேனர் பட்ட அடையாளமே இல்லை. பம்பிலும் அதே கறுப்பு. துடைத்தால் அடியில் நம்ம பழைய பம்ப். எடைக்குப் போனதாகச் சொன்னாரே, அதுதான். பானெட் திறந்தால் தெரியும் இடத்தில் மட்டும் புது ஹோஸ், அதுவும் பெட்ரோலுக்கானதே இல்லை, கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் சாதா பிளாஸ்டிக் குழாய். எஞ்சின் சூட்டில் இளகி, கிளிப் பக்கம் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பொறி விழுந்திருந்தால்? வீட்டில் இதைச் சொல்லவே இல்லை.

அவர் டேங்கை என் கண்ணெதிரே இறக்கினார். அடியில் தேங்கியதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வைத்தார். ஐந்து நிமிஷத்தில் மேலே பெட்ரோல், கீழே கலங்கலாக இரண்டு விரல் அளவு வேறொரு தண்ணி. எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து இறங்கியதாம்.

முதல் கடைக்காரருக்கு போட்டோ அனுப்பினேன். "ஞாயிற்றுக்கிழமை வாங்க, பேசிக்கலாம்" என்றார். மூன்று ஞாயிறு போனேன், ஷட்டர் இறங்கியே கிடக்கிறது. திங்கள் முதல் சனி வரை திறந்துதான் இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை அந்தப் பம்பையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.