ஒத்தடமா, மாத்திரையா, டென்ஸா?

எண்டோமெட்ரியோசிஸ் இருக்கும் வீட்டில் மாதாமாதம் நடக்கிற பட்டிமன்றம் இது. "எதுக்கெடுத்தாலும் மாத்திரையா? வெந்நீர்ப் பையை வை" என்பார் அம்மா. பல வருடம் இரண்டு பக்கமும் மாறி மாறி நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலும் குடல் பக்கமும் வளர்வதுதான் இந்த நோய். வலியைக் கிளப்புவதில் புரோஸ்டாகிளாண்டின் என்ற, உடலே சுரக்கும் ரசாயனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இபுபுரூஃபன், நாப்ராக்சன், மெஃபனமிக் அமிலம் (கடையில் மெஃப்டால் என்று கேட்போமே, அது) எல்லாமே புரோஸ்டாகிளாண்டின் புதிதாக உருவாவதைத் தடுப்பவை. ஏற்கெனவே ஊறிவிட்டதை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. சுருண்டு படுக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு அப்புறம் முழுங்கினால், மாத்திரை கேட்கவில்லை என்றுதான் தோன்றும். நானும் அப்படித்தான் பல மாதங்களை வீணாக்கினேன். இப்போதெல்லாம் இடுப்பு கனக்க ஆரம்பித்ததுமே இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்கிறேன்.

ஆனால் இது எல்லாருக்கும் ஒத்துவராது. அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. குழந்தைக்கு முயல்பவர்களும் கேட்க வேண்டும். இவ்வகை மாத்திரைகள் கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடலாம். மெஃபனமிக் அமிலத்தால் அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று 2023 இறுதியில் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்தது. மாத்திரை போட்டபின் காய்ச்சலும் தடிப்பும் வந்தால் நிறுத்திவிட்டு ஓட வேண்டியதுதான்.

வெந்நீர்ப் பை வேகத்தில் ஜெயிக்கிறது. மாத்திரை வேலை செய்ய அரை மணி, ஒரு மணி ஆகும். சூடு பட்டதும் இறுகிய தசை இளகும். சாதாரண மாதவிடாய் வலியில் செய்த ஆய்வு ஒன்றில், சூடு தரும் ஒட்டுப்பட்டை இபுபுரூஃபனுக்கு இணையாக நின்றது. எண்டோமெட்ரியோசிஸ் வலி அதைவிட முரடு, அதனால் அதே பலனை எதிர்பார்க்க முடியாது. இன்னொன்று, கொதிக்கக் கொதிக்க வைத்தே பழகியதில் என் அடிவயிற்றில் வலை பின்னியது போலப் பழுப்புக் கோடுகள் விழுந்துவிட்டன. இப்போது துண்டு சுற்றித்தான் வைக்கிறேன்.

டென்ஸ் என்பது தோலில் ஒட்டிய பட்டைகள் வழியாக லேசான மின்துடிப்பை அனுப்பும் சின்னக் கருவி. எறும்பு ஊர்வது போலிருக்கும். உள்ளே நடக்கும் எதையும் அது மாற்றாது; வலிச் செய்தி மூளைக்குப் போவதை மட்டுப்படுத்தப் பார்க்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் சுடிதாருக்குள் மாட்டிக்கொண்டு அலுவலகத்தில் உட்கார முடிகிறதே! பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருப்பவர்களுக்கும் வேண்டாம்.

சுக்குக் கஷாயம், வெந்தயத் தண்ணீர்? குடிக்க இதமாக இருக்கும், குடியுங்கள். மாத்திரைக்குப் பதிலாக மட்டும் நம்ப வேண்டாம்.

என் கணக்கு இதுதான்: முதல் நாள் மாத்திரையும் பையும் சேர்த்து, வெளியே போகும் நாளில் டென்ஸ். இவை எதுவும் அந்தத் திசு வளர்வதை நிறுத்தாது. அதற்கு ஹார்மோன் மருந்தோ லேப்ராஸ்கோப்பி என்ற சிறுதுளை அறுவை சிகிச்சையோ பற்றி மகப்பேறு மருத்துவரிடம்தான் பேச வேண்டும். திடீரென்று ஒரு பக்கமாகக் குத்தி மயக்கம் வந்தாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, வெந்நீர் காய்ச்சிக்கொண்டிருக்காமல் ஆட்டோ பிடியுங்கள்.