அயனி வகையா, ஒளி வகையா? கேமரன் மலை வீட்டுக்கான ஸ்மோக் டிடெக்டர்

மலேசியாவின் கேமரன் மலையில் ரிங்லெட், தானா ராத்தா பக்கம் உள்ளவர்கள் வீட்டுக்கு ஸ்மோக் டிடெக்டர் வாங்கும்போது, கீழே ஈப்போவில் இருப்பவர் சொன்ன யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளியே பார்த்தால் எல்லாமே ஒரே வெள்ளை வட்டம்தான். உள்ளே இருப்பது வேறு.

அயனி வகையில் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் துளியளவு இருக்கும். அதிலிருந்து வரும் ஆல்பா துகள்கள் சிறு அறைக்குள் உள்ள காற்றை அயனியாக்குவதால் மெல்லிய மின்னோட்டம் ஓடும். புகை புகுந்ததும் அது இறங்கும், அலாரம் அடிக்கும். காகிதம், பெட்ரோல் போலக் குபீரென்று பற்றும் தீயை இதுதான் முந்திக் கண்டுபிடிக்கும்.

ஒளி வகையில் இருட்டறை ஒன்று, அதில் ஓர் எல்இடி, அதன் வெளிச்சம் நேரே படாதபடி கோணத்தில் வைத்த ஓர் உணரி. புகைத் துகளில் பட்டு வெளிச்சம் சிதறினால் உணரி விழித்துக்கொள்ளும். மெத்தை, சோபா பற்றாமல் கனன்றுகொண்டே விடும் தடித்த புகைக்கு இதுதான் சரி. ஆட்கள் தூங்கும் வீட்டில் அதிகம் பயப்பட வேண்டியதும் அந்தப் புகைக்குத்தான்.

மலையில் அயனி வகை தடுமாறக் காரணம் காற்றழுத்தம். காற்று மெலிந்தால் அறைக்குள் உண்டாகும் அயனிகளின் கணக்கே மாறிவிடும். இரட்டை அறை வைத்து இதை ஓரளவு சரிக்கட்டுகிறார்கள். ஆனாலும் 3,000 அடிக்கு மேல் இந்த வகையைப் பொருத்தினால் உயரத்தைக் கவனிக்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தீப் பாதுகாப்பு அமைப்பான என்எஃப்பிஏவின் ‘என்எஃப்பிஏ 72’ விதித்தொகுப்பு. தானா ராத்தா ஏறக்குறைய 4,700 அடி. விமானத்தில் இன்னும் மோசம்: கேபின் அழுத்தம் 8,000 அடி உயரத்துக்குச் சமமாக, அதாவது கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்காக இறங்கலாம். அதுவும் ஒவ்வொரு பயணத்திலும் இறங்கி ஏறும். இன்றைய விமானங்களின் கழிப்பறையிலும் சரக்கறையிலும் பெரும்பாலும் ஒளி வகை இருப்பதற்கு இது ஒரு காரணம்.

அதற்காக ஒளி வகை குறையே இல்லாதது என்று நினைக்க வேண்டாம். அதற்கு ஈரமும் புகையும் ஒன்றுதான். பூவும் காய்கறியும் ஏற்றிய சரக்கறையில் அவை விடும் ஈரம் பனித்துளியாகி, தீயே இல்லாமல் அலாரம் அடிப்பது விமானிகளுக்குப் பழகிய தலைவலி. தீ தொடங்கி 1 நிமிடத்துக்குள் விமானிக்கு எச்சரிக்கை போக வேண்டும் என்பது விதி, ஆகவே உணர்திறனை இஷ்டத்துக்குக் குறைக்கவும் முடியாது. நீலம், அகச்சிவப்பு என இரண்டு ஒளியையும் பாய்ச்சி, சிதறலின் விகிதத்தை வைத்துப் புகையையும் நீராவியையும் பிரித்தறியும் கருவிகள் வந்தது இதனால்தான். வீட்டுக்கும் அது கிடைத்து, விலையும் கட்டுப்படியானால் யோசிக்காமல் வாங்கலாம்.

சாதாரண ஒளி வகை என்றால் இடம்தான் முக்கியம். விடியற்காலைப் பனி புகும் ஜன்னலுக்கு நேரே வேண்டாம். குளியலறைக் கதவிலிருந்தும் அடுப்பிலிருந்தும் 3 மீட்டராவது தள்ளி, சுவர் மூலையை விட்டு விலகி, சீலிங்கில் மாட்டுங்கள். சிறு பூச்சி உள்ளே போனாலும் வெளிச்சம் சிதறும், நடுராத்திரியில் வீடே எழுந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேக்குவம் பிரஷால் சுற்றிலும் இழுத்துவிட்டால் போதும். வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கு, அலாரத்தைச் சற்று நேரம் அடக்கிவைக்கும் ஹஷ் பட்டன் உள்ள மாடல் வசதி. பிளாஸ்டிக் பை கட்டி மூடுகிறவர்கள் அதைக் கழற்ற மறந்துவிடுகிறார்கள்.

சமையலறைக்கு இரண்டுமே வேண்டாம். தாளிக்கிற புகைக்கெல்லாம் கத்தும். அங்கே 57 டிகிரி செல்சியஸில் அடிக்கும் ஹீட் டிடெக்டர் போதும். தகரக் கூரைக்கு அடியிலேயே அதை ஒட்டி வைத்தால் மத்தியான வெயிலுக்கும் அடிக்கலாம், கொஞ்சம் இறக்கி மாட்டுங்கள்.

மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டன், 10 ஆண்டில் புதுக் கருவி. நிமிடத்துக்கு ஒருமுறை 'கீச்' என்றால் பேட்டரி தீர்கிறது. பழைய அயனி வகை ஏற்கெனவே மாட்டியிருந்தால் பிரித்துப் பார்க்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். உள்ளே இருப்பது கதிரியக்கப் பொருள், மலேசியாவில் அதற்கென்றே 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டம் இருக்கிறது. விற்ற கடையிலேயே திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று முதலில் கேளுங்கள்.