எண்டோமெட்ரியோசிஸுக்குச் சீன மருந்து: மூன்றில் எது தேறும்?

கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு சூலகத்திலும் அடிவயிற்றிலும் வளர்ந்து, மாதாமாதம் உயிரை வாங்குவதுதான் எண்டோமெட்ரியோசிஸ். சீன வைத்தியம் பெரும்பாலும் இதை 'ரத்தத் தேக்கம்' கணக்கில் வைக்கிறது. அதைக் கலைக்கக் கொடுப்பவற்றில் மூன்றை எடுத்துக்கொள்வோம்.

குய்ச்சி ஃபூலிங் உருண்டை, சுமார் 1,800 ஆண்டுக்கு முந்தைய கிழக்கு ஹான் வம்ச காலச் சீன வைத்தியர் ஜாங் ஜோங்ஜிங் எழுதிவைத்தது. சரக்கு ஐந்துதான்: கருவாக் குச்சி, ஃபூலிங் என்ற பூஞ்சை, பியோனி என்ற பூச்செடியின் வேர், மரப் பியோனியின் வேர்ப்பட்டை, பீச் கொட்டைப் பருப்பு. சம அளவில் பொடித்து, தேன் விட்டுப் பிசைந்து, முயல் புழுக்கை அளவு உருட்டவேண்டும். தினம் சாப்பாட்டுக்கு முன் ஒன்று. கேட்காவிட்டால் மூன்று வரை. இப்போது காப்ஸ்யூலாகவே வருகிறது. ஜப்பானில் மருத்துவக் காப்பீட்டிலும் உண்டு. மூன்றில் சாதுவானது இதுதான். ஆனால் வயிற்றுக் கட்டியை மனதில் வைத்து எழுதிய மருந்து. சுருண்டு படுக்கவைக்கும் வலிக்கு இதை மட்டும் நம்ப மாட்டேன்.

அந்த வலிக்கு ஷாவ்ஃபூ ஜூயூ கஷாயம். சீன வைத்தியர் வாங் ச்சிங்ரென் 1830இல் வெளியிட்டது, பத்துச் சரக்கு. சோம்பு, சுக்கு, கருவாப்பட்டை, வெள்ளைப்போளம் நம் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். பறக்கும் அணிலின் புழுக்கைக்கு எங்கே போவது என்பது வேறு விஷயம்! வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் அடங்குகிற வலிக்கு இது என்பது சீன வைத்தியக் கணக்கு. வலியைப் பிடிப்பதில் முக்கியப் பங்கு இதில் சேரும் கோரிடாலிஸ் என்ற செடியின் கிழங்குக்கு. அதிலுள்ள டெட்ராஹைட்ரோபால்மட்டின் வலி குறைக்கும் ரசாயனம். அதையே செறிவாக அடைத்து விற்ற மாத்திரைகளால் 1990களில் அமெரிக்காவில் சிலருக்குக் கல்லீரல் கெட்டது. கஷாயம் அவ்வளவு செறிவில்லை. ஆனாலும் மாதக்கணக்கில் குடிப்பவர் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

மூன்றாவது லேகோங்தெங் கொடி. முடக்குவாதத்துக்குப் பேர்போனது. இது சூலகத்தையே அடக்கி மாதவிலக்கை நிறுத்துகிறது, அதனால் வலியும் நிற்கிறது. ஹார்மோன் மாத்திரை செய்கிற அதே வேலைதான், கட்டுப்பாடுதான் குறைவு. சிலருக்கு நின்ற மாதவிலக்கு திரும்புவதே இல்லை. கல்லீரல், சிறுநீரகத்துக்கும் ஆபத்து. 'மூலிகைதானே' என்று குழந்தைக்குக் காத்திருப்பவர் இதைத் தொடவே கூடாது.

ஆதாரம்? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2012 அலசலில் தேறியவை இரண்டே ஆய்வுகள், 158 பெண்கள். அறுவைக்குப் பின் சீன மூலிகை ஜெஸ்ட்ரினோன் என்ற ஹார்மோன் மருந்துக்கு ஈடாக இருந்தது. குடிப்பதோடு எனிமாவும் சேர்ந்தபோது மாதவிலக்கு வலியில் டானசோல் என்ற இன்னொரு ஹார்மோன் மருந்தை முந்தியது. பக்கவிளைவும் குறைவு. ஆனால் அங்கே சோதித்தது வேறு கூட்டு, மேலே சொன்ன மூன்றும் அல்ல. தோற்ற டானசோலும் குரல் தடித்து மீசை முளைக்கவைக்கும் மருந்து. இன்று டாக்டர்கள் அதிகம் எழுதுவது டையனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை.

எனவே என் வரிசை: முதலில் டாக்டர் தரும் ஹார்மோன் சிகிச்சை. அது ஒத்துக்கொள்ளாதவர், தேர்ந்த சீன வைத்தியர் கையில் கிடைத்தால், வலிக்குக் கஷாயத்தைப் பார்க்கலாம். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவருக்கு அதுவும் வேண்டாம்; கஷாயத்திலுள்ள தாங்குய் வேர் ரத்தப்போக்கைக் கூட்டிவிடும்.