ஸ்டீம் ஹீட்டிங் புளூபிரிண்ட்டை சிவாஜிநகரில் ஸ்கேன் செய்யக் கொடுத்தேன்: ஸ்கேன் பிரமாதம், கேட் (CAD) வரைபடம் வேண்டவே வேண்டாம்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய சைஸ் பழைய வரைபடங்களை ஸ்கேன் செய்ய இந்தக் கடைக்குத் தாராளமாகப் போகலாம். ஆனால் அதே கடையில் "கேட்ல போட்டுத் தர்றோம் சார், பாதி ரேட்டு" என்பார்கள், அதாவது படத்தைக் கம்ப்யூட்டரில் புதிதாக வரைந்து தருவார்கள், அதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். இன்ஃபன்ட்ரி ரோடிலிருந்து சிவாஜிநகர் பக்கம் திரும்பும் சந்து ஒன்றில் இருக்கிறது. பெயரை எழுதவில்லை, ஏனென்றால் குறையும் சொல்லப் போகிறேன், என் ஒரே ஒரு வேலையை வைத்து அவர்கள் பிழைப்பில் கை வைக்க எனக்கு இஷ்டமில்லை. பெங்களூரில் இந்த மாதிரிக் கடைகள் நிறைய, கீழே எழுதியிருப்பது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

டிசம்பரில் ஒரு ஸ்வெட்டரோடு காலம் தள்ளும் ஊரில் எவனுக்கு ஸ்டீம் ஹீட்டிங், அதாவது பாய்லர் ஆவியால் வீட்டைச் சூடாக்கும் பிளான் என்று கேட்பீர்கள். அக்காவும் மாமாவும் பாஸ்டன் பக்கத்தில் 1916-இல் கட்டிய வீடு ஒன்றை வாங்கினார்கள். குளிர்காலம் வந்து பாய்லரைப் போட்டால் ராத்திரி முழுக்கக் குழாய்களில் டமார் டமார் என்று சத்தம். பேஸ்மென்ட்டில் எதையோ தேடும்போது உருட்டி வைத்த நீலத் தாள்கள் கிடைத்தன, பார்த்தால் வீட்டின் ஒரிஜினல் ஹீட்டிங் பிளான். அந்தக் காலத்துச் சாதாரண வீடுகளுக்குப் பெரும்பாலும் இப்படித் தனிப் பிளானே கிடையாது, காண்ட்ராக்டர் வந்து அனுபவத்தில் குழாய் இழுத்துவிட்டுப் போவார், அதனால் இது கிடைத்ததே பெரிய விஷயம். அக்கா ஊருக்கு வரும்போது ஒரு டியூபில் போட்டுக் கையோடு கொண்டு வந்துவிட்டாள், நான் பைப்பிங் டிசைனில் இருப்பதால் "நீயே பார்த்துக்கடா" என்று என் தலையில் கட்டினாள்.

படத்தில் இருப்பது ஒன்-பைப் ஸ்டீம். பாய்லரிலிருந்து ஆவி எந்தக் குழாயில் மேலே போகிறதோ, அதே குழாயில்தான் தண்ணீராகித் திரும்பி வரும். இட்லிப் பானை மூடியிலிருந்து சொட்டுமே, அந்தத் தண்ணீர்தான். அது வழியில் எங்கேயும் தேங்காமல் பாய்லருக்கு ஓடி வர வேண்டும், பம்பு கிடையாது, குழாயின் சாய்வு ஒன்றுதான் அதை நடத்துகிறது. ஆவியும் தண்ணீரும் ஒரே திசையில் போனால் 20 அடிக்கு ஓர் அங்குலம் சாய்வு, எதிரெதிராகப் போனால் 10 அடிக்கு ஓர் அங்குலம். எங்கேயாவது குழாய் தொய்ந்து தண்ணீர் தேங்கினால், வேகமாக வரும் ஆவி அந்தத் தண்ணீரை அள்ளிக் கொண்டுபோய் அடுத்த வளைவில் மோதும். ராத்திரிச் சத்தம் அதுதான். ரேடியேட்டர், அதாவது ஆவி உள்ளே வந்து அறையைச் சூடாக்கும் இரும்புச் சாதனம், அதன் வால்வைப் பாதி திறந்து வைத்தாலும் இதே கூத்து நடக்கும், ஒன்-பைப்பில் வால்வு முழுசாகத் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் முழுசாக மூடியிருக்க வேண்டும்.

இனி கடை. கவுன்டரில் இருந்த பையன் தாளை வாங்கியதும் நேராக ரோலர் ஸ்கேனரிடம் போனான். ஓரம் முழுக்க நொறுங்கிக் கொண்டிருக்கும் நூறு வருஷத் தாளை ரோலரில் விட்டால் வெளியே துண்டாகத்தான் வரும். நான் வாயைத் திறக்கும் முன்பே உள்ளேயிருந்து ஒரு பெரியவர் "டேய், அதை அங்க விடாத, மேல கேமரால எடு" என்று குரல் கொடுத்தார். பின்னி துணி மில்லில் பாய்லர் பக்கம் வேலை பார்த்தவராம், மில் போன பிறகு இங்கே வந்துவிட்டார், அல்சூர்க்காரர். இந்தக் கடைக்கு நான் கொடுக்கும் மார்க்கில் பாதி அவருக்கு. தாளைக் கண்ணாடி மேல் பரப்பி, ஓரங்களில் சின்ன மணல் பைகள் வைத்து, மேலே தொங்கும் கேமராவில் பொறுமையாக எடுத்தார். செலோடேப் ஒட்டவில்லை. பையன் "லேமினேஷன் பண்ணிடலாமா சார்?" என்று கேட்டதற்கு என்னைவிட அவர்தான் அதிகமாகக் கோபப்பட்டார்.

கலரில், 400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 400 புள்ளி), தரம் குறையாத டிஃப் ஃபைலாகக் கேளுங்கள். வழக்கமாகக் கருப்பு வெள்ளையில் எடுத்து, "பேக்ரவுண்ட் க்ளீன்" என்று ஒரு பட்டனை அமுக்கிப் பளிச்சென்று பிடிஎஃப் கொடுப்பார்கள். சாதாரண பில்டிங் பிளானுக்கு அது போதும், புளூபிரிண்ட்டுக்கு ஆபத்து. நீலத் தாளில் வெள்ளைக் கோடு அச்சானது, அது எப்படியும் தப்பித்துவிடும். ஆனால் வீட்டில் நின்று குழாய் மாட்டிய ஃபிட்டர் அந்தத் தாளின் மேலேயே சிவப்புப் பென்சிலால் மாற்றங்களைக் குறித்து வைத்திருப்பார். நீலத்தின் மேல் சிவப்பைக் கருப்பு வெள்ளையில் எடுத்தால் இரண்டும் ஒரே சாம்பலாகிப் போகும். எங்கள் பிளானில் ஒரு உத்தரத்தைத் தவிர்க்க மெயின் குழாயை வளைத்துக் கொண்டுபோன இடம் சிவப்பில் இருந்தது. பெரியவர் அதில் விரல் வைத்து, "இங்க பாருங்க தம்பி, இந்த இடத்துல சாய்வு சரியா இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க, மில்லுல இப்படி வளைச்ச இடத்துலதான் எப்பவும் தொந்தரவு" என்றார். ஃபைலை அனுப்பியதும் அக்கா வீட்டுக்கு வந்த பிளம்பர் அதே இடத்தில் மட்டக்கோல் வைத்துப் பார்த்தால் குழாயைத் தாங்கும் கொக்கி ஒன்று கழன்று குழாய் தொய்ந்து கிடந்தது. தூக்கிக் கட்டியதும் சத்தம் அடங்கியது. எந்த கேட் படமும் இதைக் காட்டியிருக்காது.

சரி, கேட் படத்துக்கு வருவோம். இது என் யோசனையே இல்லை, மாமா "எடிட் பண்ற மாதிரி இருந்தா நல்லா இருக்கும்" என்றார், காசும் அவர் காசு, கொடுத்தோம். வந்ததைப் பார்த்தால் கோடெல்லாம் நேராக, லேயர் லேயராக, அவ்வளவு அழகு. ஆனால் ஸ்டீம் மட்டும் அதில் இல்லை. ஒரிஜினலில் கால் அங்குலம் ஓர் அடி என்ற கணக்கு, அதாவது 1:48. இவர்கள் பழக்கதோஷத்தில் 1:50 என்று எடுத்துக்கொண்டார்கள், எல்லா நீளமும் நான்கு சதவீதம் கூடிவிட்டது. ஒன்றேகால் அங்குலக் குழாயில் பின்னத்தின் கோடு மங்கியிருந்த இடத்தில் 11/4 என்று போட்டிருக்கிறார்கள். சாய்வைக் காட்டும் அம்புக்குறிகள் ஒன்றுகூட இல்லை, கேட்டால் "அது டிராயிங்ல எதுக்கு சார், குழாய்தான் இருக்கே" என்று பதில்.

உச்சக்கட்டம் ரேடியேட்டர். பழைய பிளானில் ஒவ்வொரு ரேடியேட்டர் பக்கத்திலும் 45, 60 என்று சதுர அடி எழுதியிருக்கும். அது அறையின் அளவு இல்லை, அந்த ரேடியேட்டரின் வெப்பம் தரும் பரப்பு. ஸ்டீமில் ஒரு சதுர அடிக்கு மணிக்கு 240 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) என்று கணக்கு. வீட்டிலுள்ள எல்லா ரேடியேட்டரையும் கூட்டித்தான் பாய்லர் எவ்வளவு பெரியது வேண்டும் என்று முடிவு செய்வார்கள், அக்கா வீட்டில் அடுத்து மாற்ற வேண்டியதே பாய்லர்தான். நம் ஆட்களோ ஹாலின் நடுவே "ரூம் ஏரியா 45" என்று பெரிய எழுத்தில் போட்டு அனுப்பிவிட்டார்கள். அந்த ஹாலில் சோபாவைப் போட்டால் மனிதர் வெளியேதான் நிற்க வேண்டும். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து அந்த 45-ஐயே எடுத்துவிட்டார்கள் என்பதுதான் எரிச்சல். பாய்லர் நீர்மட்டத்துக்கும் மெயின் குழாயின் தாழ்வான முனைக்கும் நடுவே 28 அங்குலம் என்று ஒரு குறிப்பு இருந்தது, அதுவும் காணவில்லை. தண்ணீர் தன் எடையாலேயே பாய்லருக்குள் திரும்ப அந்த உயரம் வேண்டும், நீர்மட்டம் உயரமாக உள்ள புது பாய்லர் வாங்கினால் முதலில் அடிபடுவதும் அதுதான்.

திருத்தித் தரச் சொன்னால் திருத்தினார்கள், முகம் சுளிக்கவில்லை, கூடுதல் காசும் கேட்கவில்லை. ஆனால் நான் சொன்னதை மட்டும் திருத்தினார்கள். எது தப்பு என்று எல்லாவற்றையும் நானே கண்டுபிடிக்க வேண்டும் என்றால் நானே வரைந்திருப்பேனே.

கடையோடு சம்பந்தமில்லாத இரண்டு விஷயம், இந்த மாதிரிப் பிளான் கையில் இருப்பவர்களுக்கு. பிளான் 1919-க்கு முந்தையது என்றால் பாய்லர் பக்கத்துக் குழாய்களை அப்படியே நம்பாதீர்கள். திரும்பி வரும் குழாய் ஓட்டையானால் பாய்லரின் தண்ணீர் மொத்தமும் வெளியேறிவிடாமல் தடுக்கும் இணைப்பை, ஹார்ட்ஃபோர்டு லூப் என்பார்கள், அந்தப் பெயருள்ள பாய்லர் இன்சூரன்ஸ் கம்பெனி அந்த வருஷம்தான் கொண்டு வந்தது. எங்கள் தாளிலும் அது இல்லை, புது பாய்லருக்குக் கட்டாயம் போடச் சொல்லியிருக்கிறேன். இன்னொன்று, குழாய் உறைக்கு "85 சதவீத மக்னீசியா" என்று எழுதியிருந்தால் மீதியில் இருப்பது நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டாஸ். அக்கா கையுறை போட்டுக்கொண்டு தானே உரித்துவிடலாம் என்று இருந்தாள், நல்லவேளை, அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு போன் பண்ணித் திட்டினேன். இதற்கென்று லைசென்ஸ் உள்ள ஆட்களைத்தான் கூப்பிட வேண்டும். வால்வு, ஏர் வென்ட் (காற்றை வெளியேற்றும் சின்ன அமைப்பு) பெயர்கள் புரியாவிட்டால் இன்டர்நெட் ஆர்க்கைவில் பில்டிங் டெக்னாலஜி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற தொகுப்பு இருக்கிறது, அந்தக் காலத்து ஹீட்டிங் கம்பெனிகளின் கேட்டலாக் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும்.

ஸ்கேனுக்கு ஒரு ஷீட் 350 ரூபாய், கேமராவில் எடுத்ததற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஒரிஜினலைச் சுருட்டாமல் இரண்டு அட்டைக்கு நடுவே தட்டையாக வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள், அது கேட்காமலேயே செய்தது. வெயில் பட்டால் நீலம் வெளுக்கும், அதனால் ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டும் ஆசை இருந்தால் ஸ்கேனிலிருந்து ஒரு பிரிண்ட் எடுத்து அதை மாட்டுங்கள், அந்தப் பிரிண்ட்டும் இங்கே நன்றாகப் போடுகிறார்கள். கார் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், நிறுத்த இடமே கிடையாது, கப்பன் பார்க் மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். பெரியவர் காலையில்தான் இருப்பார், மதியத்துக்கு மேல் போனால் ரோலர் பையன்தான்.